முகம் தெளிவாக வேண்டும்

"தூரத்துல இருக்கிற ஆளோட முகம் தெளிவா விழணும்ணே. ஆனா, எடுக்கிறது அவருக்குத் தெரியக்கூடாது."

தல்லாகுளத்தில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் விஸ்வநாத் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவனுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் அழகுபாண்டி என்றான். கையில் இரவல் கேமரா ஒன்று இருந்தது. அதற்குப் பொருந்துகிற ஜூம் லென்ஸ் வேண்டுமாம்.

"எவ்வளவு தூரம்?"

"எங்க மாடியிலிருந்து எதிர்மாடி. நடுவுல தெருவும் ரெண்டு காலி மனையும். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுத்தான் எடுக்கணும்."

"பட்ஜெட்?"

"பன்னிரண்டாயிரம். அதுக்கு மேல தாங்காதுண்ணே. மத்த வேலைக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் குடுத்தாச்சு."

அழகுபாண்டியின் பார்வை, கண்ணாடி அலமாரியில் இருந்த நீளமான வெள்ளை லென்ஸின் மேல் போனது.

"அதைப் பார்க்காதீங்க. பைக்கை வித்துட்டு வந்தாலும் பத்தாது" என்ற விஸ்வநாத், சின்னதாக இரண்டை எடுத்து வைத்தார். "இது முந்நூறு எம்.எம். வரைக்கும் போகும். ஆனா கை லேசா ஆடினாலும் படம் கலங்கிடும். இது இருநூத்தைம்பதுதான். கை நடுக்கத்தைத் தாங்கிக்கும். உங்களுக்குக் கை நடுங்குமா?"

"மொதத் தடவைண்ணே. நடுங்கத்தான் செய்யும்."

விஸ்வநாத் அவனை இன்னொரு முறை பார்த்தார்.

"போன்லயே எடுக்கலாமே?"

"எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுனேன். இது ஆளா, கொடியில வேட்டி காயுதான்னு கேக்குறாங்க. முகம் தெளிவா இல்லாம வேலையைத் தொட மாட்டாங்களாம். இந்த மாசத்துக்குள்ள குடுத்தாத்தான் பழைய ரேட்டு."

விஸ்வநாத் கடை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். கூலிப்படைச் செய்திகளை ஒன்று விடாமல் படிப்பவர் அவர்.

"ஆளு... வெளியே வர்றதுண்டா?"

"காலையில தனியா மாடிக்கு வருவாரு. காக்காவுக்குச் சோறு வச்சுட்டு அண்ணாந்து பாப்பாரு. அந்த ஒரு நொடிதான். விட்டோம்னா உஷாராயிருவாரு. அப்புறம் தலையே காட்ட மாட்டாரு."

"உங்களுக்குச் சொந்தமா?"

"சொந்தந்தான். வீடு, வயக்காடு எல்லாம் அவர் பேர்லதான் கெடக்கு."

விஸ்வநாத் இருநூற்றைம்பது லென்ஸைக் கையில் எடுத்து மெல்லத் துடைத்தார். அவர் மனதுக்குள் ஒரு தராசு ஆடியது. ஒரு தட்டில் முன்பின் தெரியாத ஒருவரின் உயிர். மறு தட்டில், போன தீபாவளிக்கு முன்பிருந்தே விலைபோகாத அந்த லென்ஸ்.

"பதினோராயிரத்து ஐந்நூறு" என்றார் கடைசியில். "துடைக்கிற துணி இலவசம்."

"வேலை முடிஞ்சதும் நீங்களே திருப்பி எடுத்துக்குவீங்களாண்ணே? அப்புறம் எனக்கு இது எதுக்கு?"

"பாதி விலைக்கு எடுத்துக்கறேன்."

பணம் கல்லாவுக்குள் போய், கல்லாவும் பூட்டப்பட்ட பிறகு விஸ்வநாத்தின் மனசாட்சி விழித்துக்கொண்டது. உத்தரவாத அட்டைக்கென்று வாங்கியிருந்த வில்லாபுரம் முகவரியைக் காவல் நிலையத்துக்குச் சொன்னார்.

மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி சத்தமில்லாமல் மாடிப்படி ஏறினார். அடையாளம் காட்ட விஸ்வநாத்தும் பின்னாலேயே ஏறினார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழகுபாண்டி மண்டியிட்டிருந்தான். எதிர்மாடியில் ஒரு பெரியவர் வாளி நிறையத் தண்ணீரைத் தானே தூக்கி வந்து செடிகளுக்கு ஊற்றினார். கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்து, காக்கையைக் கூப்பிட்டு அண்ணாந்தார்.

சரண்யாதேவி அழகுபாண்டியின் சட்டைக் காலரைப் பிடிப்பதற்கும் 'க்ளிக்' சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

"யாருடா அந்தப் பெரியவர்?"

"எங்க அப்பா மேடம்!"

"பெத்த அப்பனுக்கேவா ஆள் ஏற்பாடு பண்ணுற?"

"ஆளா? ஐயோ, நான் படந்தான் மேடம் எடுத்தேன். படம் எடுத்தா ஆயுசு கொறஞ்சிரும்னு கிட்டயே விட மாட்டாரு. என் கல்யாண ஆல்பத்துலகூடத் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு நிப்பாரு. அதான் தம்பி வீட்டுல இருக்கிற அப்பாவை இங்கிருந்து..."

சரண்யாதேவி கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார். சின்னத் திரையில் அந்த முகம் ஒவ்வொரு சுருக்கத்தோடும் துலங்கியது. விஸ்வநாத்தும் எட்டிப் பார்த்தார். பாதி விலைக்குத் தாராளமாகத் திருப்பி எடுக்கலாம் என்று தோன்றியது.

"ஆதார் கார்டுல படம் இருக்குமே?"

"அதைப் பெருசாக்கிப் பாத்தோம் மேடம். இது உங்கப்பாதானான்னு எங்க அம்மாவே கேட்டுருச்சு."

சரண்யாதேவியின் பிடி தளர்ந்தது. அப்பாவின் முகத்தை ஒரே ஒரு முறை பிடித்து வைத்துக்கொள்ள, இரவல் கேமராவோடு மண்டியிட்டுக் கிடக்கும் மகன். அவர் எதிர்மாடியைப் பார்த்தார். காக்கைகள் வந்து சோற்றைக் கொத்தத் தொடங்கியிருந்தன.

"இம்புட்டுப் பாசமாப்பா?" என்றார் மெல்ல.

விஸ்வநாத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்போ அட்வான்ஸ், ரேட்டு, முகம் தெளிவா இருந்தாத்தான் வேலையைத் தொடுவோம்னது? அவங்கல்லாம் யாரு?"

அழகுபாண்டி காலரைச் சரிசெய்துகொண்டான்.

"ஃப்ளெக்ஸ் கடைக்காரங்கதாண்ணே. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு என் படம், தம்பி படம், மச்சினன் படம், பேரப்புள்ளைக படமெல்லாம் போட்டு டிசைன் எப்பவோ ரெடி. அப்பா படந்தான் இடிச்சுக்கிட்டு இருந்துச்சு, இனி தேதி மட்டுந்தான் பாக்கி!"