வாயாடியின் மீன்

வராந்தா நெடுக வெள்ளைத் துணியை விரித்து, எட்டாம் வகுப்பை அதன் இருபுறமும் உட்காரவைத்தார் ஓவிய டீச்சர்.

என்ன வேண்டுமானாலும் வரையலாம். ஒரே ஒரு விதி: பக்கத்தில் இருப்பவரின் படத்தை உங்கள் படம் எங்காவது தொட வேண்டும்.

பாடம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி வாங்கிய மதியப்பொழுது அது. பள்ளி வேன் பாலத்திலிருந்து கவிழ்ந்ததில் இந்த வகுப்பில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் கூடிச் செய்யும் முதல் வேலை.

தயங்கித் தயங்கித்தான் தூரிகைகள் நகர்ந்தன. ஒருத்தியின் மரக்கிளை அடுத்தவளின் வீட்டுக் கூரைமேல் சாய்ந்தது. ஒருவன் வரைந்த மாடு நாய் மாதிரி இருந்ததைப் பார்த்து நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

சிரித்த கையோடு, தப்புச் செய்துவிட்டவர்கள்போல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

துணியின் ஓரத்தில் வாயாடி இருந்தாள். வகுப்பு வைத்த பெயர் அது. இப்போதெல்லாம் யார் எது கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி.

அவள் ஒரு மீன் வரைந்திருந்தாள்.

அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு வெறும் துணி. பக்கத்தில் இருந்தவர்கள், யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போயிருந்தார்கள்.

டீச்சர் பார்த்தார். விதியை ஞாபகப்படுத்த வாயெடுத்தார். அப்படியே விட்டுவிட்டார். சொல்லி வரவழைக்கிற காரியமா அது?

வலது கையில் மாவுக்கட்டோடு நெட்டச்சி எழுந்தாள். அந்த வேனில் இருந்து பிழைத்தவள். இடது கையில் தூரிகையைப் பிடித்தபடி வந்து, வாயாடியின் அருகில் மண்டியிட்டாள்.

வராந்தாவில் எல்லாத் தூரிகைகளும் நின்றன.

நெட்டச்சி மீனின் வாலிலிருந்து கோணல்மாணலாக ஒரு நீல அலையை இழுத்தாள். அலை வெறும் துணியைக் கடந்துபோய், நகர்ந்துபோனவர்களில் ஒருத்தி வரைந்திருந்த வீட்டின் வாசற்படியில் முட்டி நின்றது.

தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அப்பாவப் பாக்க விட்டாங்களா?"

வாயாடியின் குரல் கரகரத்தது.

"நேத்து விட்டாங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, எல்லார் பேரையும் சொல்லிச் சொல்லி அழறாரு. உன் கை எப்படி இருக்குன்னு கேட்டாரு."

வேனை ஓட்டியவர் அவர்தான்.