மணல் தட்டில் புல்

தட்டில் வெறும் மணல்தான் இருந்தது.

தோள்பையைக்கூடக் கழற்றாமல் அவள் ஜன்னலோர மேசை முன்னால் நின்றாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த மணலில் யூக்கா முளைகள் நின்றிருந்தன. இப்போது காணோம்.

எலியாக இருக்குமோ? எலிக்கு இவ்வளவு நாகரிகம் ஏது! மணல் துளிகூடச் சிதறவில்லை. பக்கத்துத் தட்டில் கடுகளவு பச்சைக் குண்டுகளாக உட்கார்ந்திருந்த கள்ளிக் குஞ்சுகளை யாரும் தொடவில்லை.

யூக்கா மட்டும்தான் போயிருந்தது. மூன்றாவது தடவையாக.

எல்லாம் அந்த நர்சரிக்காரர் சிரித்த சிரிப்பில் ஆரம்பித்தது. பாலைவனத்துச் செடியை விதை போட்டு, அதுவும் மூன்றாம் மாடி வீட்டுக்குள் வளர்க்கப் போகிறாயா, வளர்ந்ததாக ஒன்றை வாங்கிக்கொண்டு போம்மா என்றார். சும்மா சொல்லியிருந்தால் வாங்கியே இருப்பாள். சிரித்துவிட்டார். அப்புறம் விடுவாளா? செடி ஒரு சாண் வளர்ந்ததும் அவர் கடை வாசலில் கொண்டுபோய் வைத்து, இதற்கு என்ன விலை தருவீர்கள் என்று கேட்காமல் ஓயப்போவதில்லை.

முதல் தடவை பாசத்தால் கொன்றாள். தண்ணீரை ஊற்றி ஊற்றியே விதையெல்லாம் பூஞ்சை பூத்து அழுகின.

இரண்டாம் தடவை அவசரத்தால் கொன்றாள். வேர் விட்டதா, விட்டதா என்று தினமும் தோண்டிப் பார்த்தால் எந்த விதைதான் வேர் விடும்?

மூன்றாம் தடவை புதுப்பிறவி எடுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். அதே நுணுக்கத்தோடு ஒவ்வொரு விதையின் கறுப்புத் தோலையும் அரத்தில் நோகாமல் உரசி, ஊற வைத்தாள். மணலை வறுத்துக் கிருமியைக் கொன்றாள். மேலே ஊற்றாமல், அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்ச விட்டாள். கதகதப்புக்காக ஃப்ரிட்ஜின் தலையில் ஏற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடினாள். தோண்டிப் பார்க்கும் ஆசை வந்தபோதெல்லாம் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அந்த மாதம் வீட்டுப் பாத்திரங்களில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

முளைத்தபோது அவளுக்கே சந்தேகம் வந்தது. ஊசி மாதிரி ஒற்றை இலை. நுனியில் தொப்பியாக மாட்டியிருந்த விதைத்தோல் மட்டும் இல்லையென்றால் அசல் புல்தான். இனி வெளிச்சம் வேண்டுமே என்று தட்டைக் கீழே இறக்கி, கணவரின் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த இந்த ஜன்னலோர மேசையில் வைத்தாள்.

அவள் மெல்லத் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள்.

டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "புல்லு மொளச்சிருந்துச்சு. எல்லாத்தையும் புடுங்கிட்டேன்."

குரலில் பெருமை வேறு.

இருபது வருஷம் டென்னிஸ் மைதானம் பராமரித்த மனுஷர். செம்மண் தரையில் ஒரு புல் தலைகாட்டினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் கைக்கெட்டும் தூரத்தில் மணலைச் சமமாகப் பரப்பி வைத்தது யார் தப்பு? பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தது அவள்தான்.

தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் கோபம் இன்னும் கூடத்தானே செய்யும். வாயைத் திறந்தால் கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்ததெல்லாம் கொட்டிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் விழுங்கினாள்.

சரி, போகட்டும். பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் விதை இருக்கிறது. இன்றைக்கே ஊறப் போட்டுவிட வேண்டும். நான்காவது தடவைதான், அதனால் என்ன? இந்தத் தடவை தட்டை இவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

செத்ததைக் குப்பையில் போடலாமென்று, மேசையில் கிடந்த செய்தித்தாளின் பக்கம் குனிந்தாள்.

முளைகள் அதன்மேல் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றுகூட நடுவில் அறுபடவில்லை. நூல் மாதிரி வேர், நுனிவரை முழுசாக வந்திருந்தது. தொப்பிகூடக் கழலவில்லை. இரண்டு விரலால் பிடித்து, பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால்தான் இப்படி வரும்.

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள்.

இடது கையில் ரிமோட் இருந்தது. அந்த விரல்கள் சுத்தமாக இருந்தன.

மணல் ஒட்டியிருந்தது வலது கையில். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், நகத்துக்கு அடியிலும்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்தக் கை அவர் மடியில்தான் கிடந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் ரப்பர் பந்தைக் கொடுத்துப் பார்த்தாள், மாவு உருண்டையைக் கொடுத்துப் பார்த்தாள், கெஞ்சினாள், அதட்டினாள். விரல்கள் லேசாக அசையும், அவ்வளவுதான். ஒரு கரண்டியைக்கூட இதுவரை பிடித்ததில்லை.

தான் என்ன செய்திருக்கிறோம் என்று அவருக்கே உறைக்கவில்லை. டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டை மறுபடியும் பார்த்தாள். விளிம்போரத்தில், பிளாஸ்டிக்கை ஒட்டி, அவர் கண்ணுக்குத் தப்பிய முளை ஒன்று நின்றிருந்தது.

தட்டைத் தூக்கி அவருடைய வலது கைப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இங்க ஒண்ண விட்டுட்டீங்களே. அதையும் புடுங்குங்க."