எழுத்தில் உள்ளபடி

"ஈப்போவுல இருந்து வந்தவங்களுக்கு ஓட்டு இல்லலா. சும்மா கை வலிக்கத் தூக்க வேணாம்," என்றார் கோயில் தலைவர் பத்துமலை.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கார்களில் வந்திருந்த அத்தனை பேரும் இதே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள்தான். பால்மரங்களை அழித்த பிறகு வேலை தேடி ஈப்போ, கமுந்திங் என்று டவுன்களுக்குப் போய்விட்டார்கள். நிலத்தை வாங்கிய வீடு கட்டும் கம்பெனி, மாரியம்மன் கோயிலை நெடுஞ்சாலை ஓரத்துக்கு மாற்றச் சொல்கிறது. சம்மதமா, இல்லையா என்று முடிவெடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

"கோயில் விதி என்ன சொல்லுது? தோட்டத்துல குடியிருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஓட்டு. அவ்வளவுதான்."

பத்துமலை, தோட்டத்துக் கணக்கு பார்த்த கிராணியின் பழைய வீட்டில் குடியிருப்பவர். கோயிலை மாற்ற அவருக்குச் சம்மதம். புது இடத்தில் மண்டபம் கிடைக்கும், கார் நிறுத்த இடம் கிடைக்கும், தலைவர் பதவி எப்படியும் கூடவே வரும்.

துளசி எழுந்தாள். யூனிவர்சிட்டியில் சட்டம் படிக்கிறாள். இந்த செமஸ்டரில் சட்டத் தத்துவம்.

"மாமா, அந்த விதியை எதுக்குப் போட்டாங்க? சம்பந்தமில்லாதவங்க கோயிலைப் பிடிச்சிடக் கூடாதுன்னு. இவங்க அப்பா அம்மா சம்பளத்துல காசு பிடிச்சுக் கட்டின கோயில் இது. நோக்கத்தையும் பாக்கணும்."

"நோக்கத்தையெல்லாம் யூனிவர்சிட்டியில வச்சிக்கோம்மா."

"உள்ள சப்பாத்து போட்டு வரக் கூடாதுன்னு போர்டு இருக்கு. சன்னாசி மாமாவுக்கு பிளாஸ்டிக் கால். அதுல சப்பாத்து சேர்ந்தே இருக்கு. அவரை வெளிய நிறுத்தினோமா?"

முன்வரிசையில் இருந்த சன்னாசி தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அது வேற, இது வேற. காலம் மாறுதுன்னு ஆளாளுக்கு அர்த்தம் சொன்னா, அப்புறம் சட்டம் எதுக்கு?"

பின்னால் தூணோரம் ஆம்புரோஸும் அவர் தங்கை ரோசரியும் அன்னதானத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக வந்தவர்கள். திருவிழாவுக்கும் வருடா வருடம் இப்படித்தான். ரோசரி கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று நினைத்து யாரும் கண்டுகொள்ளவில்லை.

துளசி சந்நிதியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பெயர் வைத்ததே இந்தச் சந்நிதியில்தான்.

"அப்ப, எழுத்துக்கு மேல ஒண்ணும் சேர்க்கக் கூடாது?"

"சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எழுத்துல என்ன இருக்கோ அதுதான் சட்டம்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று துளசி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கமுந்திங்கிலிருந்து வந்திருந்த செயலாளர் தீபன் தலையாட்டினார். பத்துமலை பெரிய மனதோடு தன் கையை உயர்த்தினார்.

"கோயிலை மாத்த சம்மதம், ஒரு ஓட்டு. எதிர்ப்பு யாரும் இல்ல. மீட்டிங் முடிஞ்சது, சாப்பிடப் போலாம்."

"இருங்க மாமா," என்றாள் துளசி. "குடியிருக்கிற வீடுன்னுதான் எழுதியிருக்கு. எந்தச் சாமி கும்பிடுற வீடுன்னு எழுதல."

கிராணி வீட்டை விட்டால் தோட்டத்தில் மிச்சமிருப்பவை கடைசி லயத்து வரிசையின் இரண்டே வீடுகள்; அவற்றில் ஆளுக்கொன்றில் குடியிருக்கும் ஆம்புரோஸும் ரோசரியும், மடியிலிருந்த வெங்காயத் தோலை உதறிவிட்டுக் கை தூக்கினார்கள்.

"ஆத்தா இங்கயே இருக்கட்டும்ண்ணே," என்றார் ரோசரி.