அஞ்சாவது பாட்டில்

"நாலாவது ஆளும் போயிட்டான்," என்று வாசலில் வந்து நின்றார் ஃபோர்மேன்.

ரோஜாத் தொட்டியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை. வருடம் முழுக்க மொட்டு விடாமல் அழிச்சாட்டியம் பண்ணிய செடி, இப்போதுதான் ஏழு பூ பூத்திருந்தது. "எப்போ?" என்றாள்.

"காலையில போய்ப் பாக்குறேன், கழுத்து வீங்கி, வாய் வழியா எல்லாம் வெளிய வந்து கெடக்கு."

"அப்போ மிச்சம் ஒருத்தன்தானா?"

பதற வேண்டாம், போனது மனிதன் இல்லை. தின்னர் ஊற்றி வைத்த ஸ்பிரே பாட்டில்.

ஃபோர்மேன் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. வேலை போனாலும் பட்டப்பெயர் போகவில்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டில் பழைய தையல் மெஷின்களைப் பிரித்துப் போட்டு, தின்னர் அடித்து, பிசுக்கும் பழைய பெயிண்டும் எடுத்துப் புதுசாக்குவார். போன மாதம் அந்தத் தின்னர் பாட்டில் ஒழுகி, அலமாரி வழியாக இறங்கி, கீழே நின்ற மனைவியின் ஸ்கூட்டருக்குத் தோலை உரித்துவிட்டது.

அன்றைக்கே தீர்ப்பும் வந்துவிட்டது. "முப்பது நாள் டைம். ஒரு சொட்டுகூட ஒழுகாத பாட்டில் ஒண்ணாவது காட்டுங்க. இல்லேன்னா ஷெட்டைக் காலி பண்ணுங்க."

இதைக் கேட்ட அவளுடைய தம்பிக்கு வாயெல்லாம் பல். புதுக் காரை நிறுத்த இடமில்லாமல் வெயிலில் விட்டுவிட்டு, இந்த ஷெட்டைப் பார்த்து வயிறெரிகிறவன் அவன். "கடைசி நாள் நானே வந்து செக் பண்றேன்கா," என்றான். பாலுக்குப் பூனை காவல்.

ஷெட் போனால் ஃபோர்மேனுக்கு உயிரே போன மாதிரி. ஒருமுறை கூரை மாற்றுவதற்காக ஷெட்டை நாலு நாள் பூட்ட வேண்டி வந்தது. மனிதர் நாலு நாளும் வீட்டுக்குள் சுற்றி, சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டிவிட்டார். மறுநாள் காப்பியில் உப்பு. அந்த நாலு நாளை அவர் மறந்துவிட்டார், அவள் மறக்கவில்லை.

ஐந்து விதமான பாட்டில் வாங்கி, தின்னர் ஊற்றி, மட்டத்துக்கு மார்க்கரில் கோடு போட்டு, அடியில் வெள்ளைத்தாள் விரித்து வரிசையாக வைத்தார். கண்ணாடி மாதிரி பளபளத்த முதல் பாட்டில் மூன்றே நாளில் மங்கி விரிசல் விட்டது. இரண்டாவதில் விசை ஊதிப்போய், அழுத்தினால் திரும்பி வரவில்லை. மூன்றாவதில் உள்குழாய் கொழகொழத்துவிட்டது. நாலாவதின் கதைதான் காலையில் முடிந்தது.

அன்றைக்குத்தான் முப்பதாவது நாள். சாயங்காலம் மச்சினன் வந்தான். ஷெட்டில் நாலு பாட்டில் தின்னரும் கொட்டிக் கிடந்ததில், நுழைந்ததுமே அவன் மூக்கு செத்துப்போனது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஐந்தாவது பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"மாமா, கோடு இங்க இருக்கு. உள்ள நாலு விரல் குறையுதே?"

ஃபோர்மேன் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆ... ஆவியாயிருக்கும் மாப்ளே. வெயில் காலமில்லையா?"

"மூடி இவ்ளோ டைட்டா இருக்கு. எப்படி ஆவியாகும்? எங்கயோ ஒழுகியிருக்கு. அக்கா, ஷெட் நமக்குத்தான்!"

வாசலில் நின்ற மனைவி உள்ளே வந்தாள். "தாள்ல கறை இருக்காடா?"

"இல்ல."

"பாட்டில் வெளிய ஈரமா இருக்கா?"

"இல்லக்கா, ஆனா..."

"நான் ஒழுகக் கூடாதுன்னுதான் சொன்னேன். குறையக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே!"

"சரி, அடிக்குதான்னாவது பாக்கலாம்," என்று அவன் கை நீட்டுவதற்குள் ஃபோர்மேன் பாட்டிலைப் பிடுங்கி, கரித்துணியில் இரண்டு முறை அடித்துக் காட்டினார். பனி மாதிரி பூவாகத் தூவியது. துணியைச் சுருட்டி உடனே குப்பையில் போட்டார்.

மச்சினன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறினான். வெயிலில் கிடந்த சீட் சுட்டதில் ஒருமுறை துள்ளி உட்கார்ந்தான்.

ஃபோர்மேனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா? அடியில ரெண்டாம் நம்பர் போட்ட கெட்டி பிளாஸ்டிக். ஊதிப் போகாத வாஷர். முப்பது வருஷ அனுபவம் சும்மாவா? நாளைக்கே ஒரு டஜன் வாங்கிப் போட்டுடறேன்."

"ஒண்ணும் வேணாம். ஷெட்டை நீங்களே வெச்சுக்குங்க. ஆனா இனிமே தின்னர் அது வந்த தகர டப்பாவிலயே இருக்கட்டும். வேணுங்கிறப்போ துணியில நனைச்சுத் தொடைங்க."

"என்ன இப்படிச் சொல்றே? ஜெயிச்ச பாட்டிலை அப்புறம் என்ன பண்றது?"

அவள் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நான் வெச்சுக்கிறேன். இருபது நாளா நீங்க இதுல ஊத்தி வெச்ச தண்ணியைத்தானே என் ரோஜாவுக்கு அடிக்கிறேன்!"