கிழிக்காத நாலு ஸ்டாம்பு

கல்யாணமாகி நான்கு மாதமாகக் கட்டிலில் தோற்றுக்கொண்டே இருந்த தணிகைவேல், வாங்கித் தின்ற லேகிய டப்பாக்கள் மூன்றையும் மேஜைமேல் வைத்தான். டாக்டர் அவற்றை ஓரமாகத் தள்ளினார். “தபால் ஸ்டாம்பு நாலு, ஒட்டினாப்ல வாங்குங்க. படுக்கும்போது அங்க வளையம் மாதிரி சுத்தி ஒட்டிக்கிட்டுத் தூங்குங்க. நல்ல உடம்புன்னா தூக்கத்துல அது தானா எழும்பும்; காலைல ஸ்டாம்பு கிழிஞ்சிருந்தா உடம்பு நல்லாத்தான் இருக்கு. பயம்தான் வியாதி.”

தபால் நிலையத்து அம்மாள் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாகக் கிழிக்கப் போனார். “கிழிக்காம குடுங்க மேடம்!” என்று பதறினான். அவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மறுநாள் வெயில் முகத்தில் அடித்து விழித்தவன், போர்வைக்குள் கைவிட்டுத் துழாவினான். ஓட்டை போட்ட கோட்டின் வழியே ஸ்டாம்புகள் சுத்தமாகப் பிரிந்து கிடந்தன. அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவனிடம்கூடச் சொல்லாமல், உடம்பு ஜெயித்திருந்தது. அவற்றைக் கையில் அள்ளிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்று கூவினான்.

காபியோடு வந்த மனைவி மஞ்சரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “காலங்காத்தால அப்படி என்னத்தக் கிழிச்சுட்டீங்கன்னு இந்த ஆட்டம் ஆடறீங்க?”

நான்கு மாதத்தில் முதல்முறையாக அவள் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, தணிகைவேல் உள்ளங்கையை விரித்தான்.