இன்பத்தின் மேல் சந்தேகம்

“இன்பம் தந்த சீக்குதானே இது? மறைக்காமச் சொல்லுங்க!”

துவைக்க எடுத்த வேட்டியைப் புருஷனின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள் பரிபூரணம். முன்பக்கத்தில் மஞ்சளாகக் கறை படிந்திருந்தது.

ராஜரத்தினம் பதறிப்போய்க் கதவைச் சாத்தினான். “ஏட்டி, மெதுவாப் பேசு. நாலு பேரு காதுல விழப்போவுது.”

“விழட்டும். பத்து நாளா ஒண்ணுக்குப் போகையில பல்லைக் கடிக்கிய. என்னன்னு கேட்டா சூடுங்கிய. இது சூடா? வெட்டை நோயி! அந்தச் சிறுக்கிகிட்ட வாங்கிட்டு வந்தது!”

இன்பம், ராஜபாளையத்தில் ராஜரத்தினம் எடை போடும் ஜின்னிங் ஆலையில் பஞ்சு பொறுக்குகிறவள். புருஷன் கொழும்புக்குப் போய் மூன்று வருஷமாகிறது. ஒரு நாள் சோறு கொண்டுபோன பரிபூரணம், அவள் தராசுக்குப் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்ததைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. இன்பம் என்ன சேலை கட்டுகிறாள், எந்த வழியாக வீட்டுக்குப் போகிறாள் என்பதெல்லாம் பரிபூரணத்துக்கு அத்துப்படி. கோயிலில் இன்பம் பின்வரிசையில் உட்கார்ந்தால் இவளுக்கு ஜெபம் ஓடாது.

“வேதத்து மேல சத்தியம். இன்பத்தை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்ல.”

“அப்பம் கெளம்புங்க, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்கிட்டப் போவோம். என்ன சீக்குன்னு அவரு எம் முகத்துக்கு நேரே சொல்லட்டும். வெட்டைன்னு அவரு வாயில வந்துச்சு, அப்படியே தேவதானத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்.”

பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி எரித்து ஓட்டும் பஸ் இருமிக்கொண்டே போனது. வழியில் ஏறிய ஒருத்தி ராஜரத்தினத்தின் பக்கத்தில் உட்காரப் பார்த்தாள். பரிபூரணம் சட்டென்று எழுந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் வேதசிரோமணி அவனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். பரிபூரணம் திரையை ஒட்டி நின்றுகொண்டாள்.

“முன்தோலைப் பின்னுக்குத் தள்ள முடியுதா?”

“எட்டு நாளா முடியலய்யா. வீங்கிக் கெடக்கு. எரியுது, அரிக்குது, வெள்ளையாப் படியுது.”

“தாகம்?”

“செம்புத் தண்ணியக் குடிச்சாலும் அடங்க மாட்டேங்கு.”

“ராத்திரி எத்தனை வாட்டி ஒண்ணுக்கு எந்திரிக்கீரு?”

“நாலஞ்சு வாட்டி.”

டாக்டர் கசிவைக் கண்ணாடித் துண்டில் தடவி பூதக்கண்ணாடிக் கருவியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனுடைய மூத்திரத்தில் சில சொட்டுகளை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் கலங்கியது. குழாய்க்குள் இன்பத்தின் முகமே தெரியப்போவதுபோல் பரிபூரணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்கய்யா. யாருகிட்ட இருந்து ஒட்டுனது?”

“யாருகிட்ட இருந்தும் இல்லம்மா. வெட்டைக் கிருமி ஒண்ணுகூடக் கண்ணுல படல. இவருக்குச் சர்க்கரை இருக்கு, நீரிழிவு. மூத்திரத்துல இனிப்பு எறங்குது. அந்த ஈரம் தோலுக்குள்ள தங்கிப் பூஞ்சை பிடிச்சு, அழற்சியாயிட்டு.”

“பொம்பள சகவாசம் இல்லாமலே இது வருமா?”

“சாமியாருக்கும் வரும்.”

பரிபூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டர் ராஜரத்தினத்திடம் சொன்னார். “தெனம் ரெண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணியில கழுவும். சோப்பு போடப்படாது. தோலை வலிய இழுக்கப்படாது. ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, நான் தார ஊதா மருந்தைத் தடவும். சோத்தைக் குறைச்சிரும், கருப்பட்டி வேண்டவே வேண்டாம். சர்க்கரை அடங்குனாத்தான் புண்ணு திரும்ப வராது. அடுத்த வாரம் வாரும், ஊசி போடணுமான்னு பார்ப்போம்.”

“எம்புட்டு பேசிட்டேன் ஒங்கள!” என்று விசும்பினாள் பரிபூரணம். “அந்த இன்பத்தையும் வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். ஞாயித்துக்கெழமை கோயில்லயே அவகிட்ட மன்னிப்புக் கேட்டிருவேன்.”

ராஜரத்தினம் பெருந்தன்மையாகத் தலையசைத்தான். “விடுட்டி. என்னைப் பத்தி ஒனக்குத் தெரியாதா?”

கம்பவுண்டர் மருந்து ஊற்றச் சீசா கேட்டார். பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்க் கடைக்கு ஓடினாள். மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு.

அவள் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. புண்ணு ஆறுத வரைக்கும் சேரப்படாது. அவியளுக்கும் இது ஒட்டியிருக்கலாம். அரிப்பு இருந்தா அவியளுக்கும் மருந்து போடணும். இல்லன்னா ஒருத்தருக்கு ஆறுனதும் மத்தவங்ககிட்ட இருந்து திரும்ப வந்திரும்.”

ராஜரத்தினம் கொஞ்சம் யோசித்தான். பிறகு முன்னால் குனிந்தான்.

“பாலம்மாளுக்கு நாலு நாளா அரிப்பு இருக்குங்காய்யா. இதே மருந்தைக் குடுக்கலாமா?”

“பொம்பளைக்கு வேற மருந்து. பார்த்துட்டுத்தான் குடுக்கணும். அதைச் சொல்லத்தான் இம்புட்டுத் தயக்கமா?” என்ற டாக்டர், சீசாவும் கையுமாக வாசலில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தார். “வாங்க பாலம்மா, உட்காருங்க. அரிப்பு ரொம்ப இருக்கோ?”

“எம் பேரு பரிபூரணம்யா” என்றாள் அவள்.