ஆடலாம், விழக்கூடாது

கொலம்பியாவின் பர்ராங்கியா நகரில், ஒரு வீட்டு முற்றத்தில் மாலை வெயில் சாய்கிறது. ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எவரிஸ்தோ டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். போன வருடம் ஒரு தும்மலில் முறிந்த முதுகெலும்பு இப்போதுதான் ஆறியிருக்கிறது. கால் வழுக்கும் என்று அவன் மனைவி நெல்பா கால்மிதியைச் சுருட்டுகிறாள். “எலும்பு உளுத்துப்போறது பொம்பளைங்க வியாதியாச்சே?” என்கிறான் அவன். “உனக்கும்தான் வந்திருக்கு, கிழவா.” “டாக்டர் நடங்கறார், ஆடுங்கறார், குனிஞ்சு தூக்காதேங்கறார், விழாதேங்கறார். நான் எதைத்தான் கேக்குறது?” அடுத்த வீட்டு ரேடியோவில் கும்பியா நடனத்துக்கான மேளம் தொடங்குகிறது. அவன் பாதம் தானாகத் தாளம் தட்டி, சட்டென்று நிற்கிறது. நெல்பா கையை நீட்டுகிறாள். ஆடக் கூப்பிடுகிறாளா, விழாமல் பிடிக்க வருகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்காமலே பிடித்துக்கொண்டு எழுகிறான்.